கோடு விழுந்த திரைகள்: 2008-ன் கிராபிக்ஸ் சில்லு விவகாரம்

2007-ல் கேமிங் லேப்டாப் வாங்கியவர்கள் பெருமையாகத்தான் வாங்கினார்கள். விண்டோஸ் விஸ்டா வந்த புதிது. டைரக்ட்எக்ஸ் 10 என்பதுதான் அன்றைய மந்திரச் சொல். அதை ஓட்டக்கூடிய என்விடியா ஜிஃபோர்ஸ் 8600எம் ஜிடி கிராபிக்ஸ் சில்லு, அசுஸ் ஜி1எஸ், டெல் எக்ஸ்பிஎஸ் எம்1530, ஆப்பிள் மேக்புக் ப்ரோ என்று பல பெயர் பெற்ற மாடல்களில் இருந்தது. இதன் தம்பி 8400எம் இன்னும் நிறைய லேப்டாப்களில் இருந்தது.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகவே ஓடியது. அதன் பிறகு சிலருக்குத் திரையில் செங்குத்தாகக் கோடுகள் விழுந்தன. சிலருக்கு ஒரே படம் நான்கைந்தாகத் தெரிந்தது. சிலருக்கு விண்டோஸ் ஏறும்போதே நீலத்திரை வந்தது. கடைசியில் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும்.

ஒவ்வொருவரும் தன் ஒரு லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். அது பல லட்சம் ரூபாய்க் கதையல்ல, பல கோடி டாலர் கதை என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் நடந்த வைத்தியம்

லேப்டாப்பில் கிராபிக்ஸ் சில்லைச் சோதிப்பது எளிதல்ல. மேசைக் கணினி என்றால் கார்டைக் கழற்றி நண்பனின் கார்டைச் செருகிப் பார்க்கலாம். பெரும்பாலான லேப்டாப்களில் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு சந்தேகமாக விலக்கிக்கொண்டே போவதுதான் ஒரே வழி.

முதல் சோதனை, வெளியில் ஒரு மானிட்டரை இணைப்பது. அதில் படம் சுத்தமாக வந்தால் பழுது லேப்டாப் திரையிலோ அதன் கேபிளிலோ இருக்கலாம். அதிலும் அதே கோடுகள் வந்தால் திரை தப்பித்தது. இரண்டுக்கும் படம் அனுப்புவது ஒரே சில்லுதானே!

இரண்டாவது, கோடுகள் எப்போது தொடங்குகின்றன என்று கவனிப்பது. கணினியை ஆன் செய்தவுடன் கம்பெனி சின்னம் தெரியும் நேரத்திலேயே கோடு இருந்தால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. டிரைவர் அப்போது இன்னும் ஏறியே இருக்காது.

மூன்றாவது, சேஃப் மோடில் திறந்து பார்ப்பது. அதில் விண்டோஸ் தன் சாதாரண டிரைவரை வைத்துச் சமாளிக்கும், சில்லின் பெரும் பகுதி சும்மா இருக்கும். சேஃப் மோடில் ஓடி, என்விடியா டிரைவர் ஏறியவுடன் விழுந்தால் சந்தேகம் சில்லு பக்கம் சாய்கிறது. பழைய டிரைவர், புதிய டிரைவர் இரண்டையும் போட்டும் மாறவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

இதற்குப் பிறகு ராம் சோதனை, விசிறித் தூசி சுத்தம், வெப்பநிலை பார்க்கும் மென்பொருள். எல்லாம் முடிந்தும் கோடுகள் போகவில்லை என்றால் தீர்ப்பு ஒன்றுதான்: மதர்போர்டையே மாற்ற வேண்டும். ஒரு வருட உத்தரவாதம் முடிந்திருந்தால் அந்தச் செலவு வாங்கியவர் தலையில்.

சில லேப்டாப்களில் நோய் வேறு வேடத்தில் வந்தது. எச்பி பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000 வரிசைகளில் பலருக்கு முதலில் காணாமல் போனது படம் அல்ல, வைஃபை! வைஃபை கார்டை மாற்றியும் பயன் இல்லை. அந்த வரிசையின் பல மாடல்களில் கிராபிக்ஸும், மற்ற பாகங்களை இணைக்கும் சிப்செட்டும் என்விடியாவுடையவை. பழுதின் வேர் அங்கே இருந்தது.

சில்லுக்கு அடியில் என்ன நடந்தது?

கிராபிக்ஸ் சில்லு என்று கண்ணுக்குத் தெரியும் சதுரத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே சிலிக்கான் துண்டு. கீழே பச்சை நிறப் பலகை. இரண்டையும் இணைப்பவை முடியின் பருமனே உள்ள நூற்றுக்கணக்கான ஈயப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளுக்கு 'பம்ப்' என்று பெயர். இவற்றின் இடையில் பசை போன்ற ஒரு நிரப்பி ஊற்றப்பட்டிருக்கும்.

சூடானால் எல்லாப் பொருளும் விரியும், ஆனால் ஒரே அளவில் அல்ல. சிலிக்கான் விரிவதைப் போல் பல மடங்கு அடியில் உள்ள பலகை விரியும். கேம் ஓடும்போது இரண்டும் விரியும், நிறுத்தினால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் நடுவில் மாட்டிக்கொண்ட புள்ளிகள் இழுபடும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு நாள் ஒடிவது போலத்தான். நிரப்பி கெட்டியாக இருந்தால் அந்த இழுவையைத் தானே தாங்கும். வெப்பத்தில் அது இளகிவிட்டால் முழுச் சுமையும் புள்ளிகள் மேல் இறங்கும்.

லேப்டாப்கள் அதிகம் பாதிக்கப்பட்ட காரணமும் இதுதான். சின்ன இடம், சின்ன விசிறி, ஒரு நாளில் பல முறை ஆன், ஆஃப். இதில் கேம் வேறு விளையாடினால் வெப்பம் ஏறி இறங்கும் தூரம் இன்னும் அதிகம்.

கணக்கில் வெளிவந்த உண்மை

இந்தக் கதையில் வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பழுது இருக்கிறது என்று சில்லு செய்த கம்பெனி முதலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது எந்தப் பொறியியல் மாநாட்டிலும் இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் கொடுத்த ஒரு படிவத்தில்!

2008 ஜூலை 2 அன்று என்விடியா 8-கே என்னும் படிவத்தைத் தாக்கல் செய்தது. முந்தைய தலைமுறைச் சில்லுகள் சில, லேப்டாப்களில் வழக்கத்தை விட அதிகமாகப் பழுதாகின்றன. அதற்கான உத்தரவாதச் செலவுக்கு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை கணக்கில் எழுதப் போகிறோம். இதுதான் சாரம். அந்தக் காலாண்டு விற்பனையும் எதிர்பார்ப்பை விடக் குறையும் என்று அதே நாளில் சொன்னார்கள். மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்தது.

வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று கணக்குப்பதிவியலில் படிக்கிறோமே, அதே தர்க்கம்தான் இது. இன்ன அளவு கடன் வராது என்று மதிப்பிட்டு முன்கூட்டியே ஒதுக்குவது போல, இன்ன அளவு சில்லு சாகும் என்று மதிப்பிட்டு ஒதுக்குகிறார்கள். அப்படி மதிப்பிட வேண்டுமானால் எத்தனை திரும்பி வந்தது என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். அது சில்லு செய்தவரிடமும் லேப்டாப் விற்றவரிடமும் இருந்தது. வாங்கியவரிடம் இருந்தது ஒரே ஒரு லேப்டாப்.

எச்பி 2007 நவம்பரிலேயே குறிப்பிட்ட சில மாடல்களுக்கு உத்தரவாதத்தை 24 மாதமாக நீட்டித்திருந்தது. அதாவது படிவம் வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே. அந்த எட்டு மாதத்தில் உத்தரவாதம் முடிந்து, கைக்காசு போட்டு மதர்போர்டு மாற்றியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

காரணம் பற்றி என்விடியா சொன்னதும் சுவாரசியமானது. மூல காரணம் இன்னும் உறுதியாகவில்லை. சில்லையும் அடிப்பலகையையும் சேர்க்கும் பொருட்களின் பலவீனம், லேப்டாப்பின் வெப்ப வடிவமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் விதம் ஆகியவை பங்களிக்கின்றன என்றது. விளையாடச் சொல்லி விற்ற சில்லு, விளையாடியதால் கெட்டது என்றால் என்ன சொல்வது?

தி இன்க்வைரர் என்ற இணைய இதழில் சார்லி டெமர்ஜியன் தொடர்ந்து எழுதினார். பாதிப்பு சில சில்லுகளோடு நிற்கவில்லை, ஜி84, ஜி86 ஆகிய இரு குடும்பங்கள் முழுவதும் பாதிக்கப்பட்டவை என்பது அவர் வாதம். என்விடியா மறுத்தது. பம்ப் புள்ளிகளை வைத்து இந்த விவகாரத்துக்கே 'பம்ப்கேட்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

மருந்தா, தள்ளிப்போடுதலா?

டெல் 2008 கோடையில் பயாஸ் புதுப்பிப்பு வெளியிட்டது. விசிறி முன்பை விட அதிக நேரம் சுற்றும், அவ்வளவுதான். வெப்ப ஏற்ற இறக்கம் குறைவதால் பழுது தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் பலவீனமான புள்ளி பலவீனமாகவே இருக்கும். உத்தரவாதம் முடியும் வரை தள்ளினால் போதும் என்று நினைக்கிறார்களா என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். பின்னர் டெல் 12 மாதம் கூடுதல் உத்தரவாதம் கொடுத்தது.

தன் கணினிகளுக்குப் பாதிப்பு இல்லை என்று என்விடியா உறுதி கூறியதாக ஆப்பிள் சொன்னது. பிறகு தானே ஆராய்ந்து, 8600எம் ஜிடி உள்ள சில மேக்புக் ப்ரோக்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2008 அக்டோபரில் அறிவித்து இலவசப் பழுதுபார்ப்பைத் தொடங்கியது.

டெல், எச்பி, ஆப்பிள் லேப்டாப் வாங்கியவர்களின் கூட்டு வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்தில் 2010-ல் சமரசத்தில் முடிந்தது. ஏற்கனவே செலவழித்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. எச்பி காரர்களுக்கு மாற்று லேப்டாப். ஆனால் கொடுத்தது விலை குறைந்த காம்பாக் சிகியூ56. திரையைத் திருப்பி மடக்கும் டச் ஸ்கிரீன் லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கும் அதுவே என்றதும் ஆட்சேபம் நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரி வரை என்விடியா இந்த விவகாரத்துக்காக எழுதிய மொத்தச் செலவு 47 கோடி டாலரைத் தாண்டியது.

இதற்கிடையில் வீட்டு வைத்தியர்கள் மதர்போர்டைச் சமையல் அவனில் வைத்தார்கள்! சுமார் 200 டிகிரியில் சில நிமிடம். ஆச்சரியம், பல போர்டுகள் உயிர்பெற்றன. அதனால் பற்றுவைப்புதான் விட்டுப்போயிருந்தது, உருகி ஒட்டிக்கொண்டது என்ற நம்பிக்கை பரவியது. ஆனால் அடிப்பலகையை மதர்போர்டோடு சேர்க்கும் ஈயமற்ற பற்றாசு உருகச் சுமார் 217 டிகிரி வேண்டும். ஈயம் மிகுந்த பம்ப் உருக 300 டிகிரி அளவு வேண்டும். வெப்பத்தில் விரிந்து, விரிசலின் இரு பக்கமும் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன என்பதே பொருத்தமான விளக்கம். சில வாரத்தில் கோடுகள் திரும்பி வந்தன. பிழைத்தது என்பதால் நோய் சரியாகக் கண்டறியப்பட்டது என்று ஆகிவிடாது.

ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை

2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மூன்று வருட உத்தரவாதம் அறிவித்து 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சிவப்பு வளையப் பிரச்சினை என்று கேமர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சூடாகிக் குளிர்ந்து உள் இணைப்புகள் ஒடிந்ததே காரணம் என்று 2021-ல் வெளியிட்ட தன் ஆவணப்படத்தில் கம்பெனியே விளக்கியது. 2011-ல் வந்த மேக்புக் ப்ரோக்களில் இருந்தது ஏஎம்டி கிராபிக்ஸ். அவற்றிலும் கோடுகள் விழுந்தன. ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது 2015 பிப்ரவரியில். நான்கு வருடம்!

பாடம் எளிமையானது. திரையில் கோடு விழுந்தால் மானிட்டர், டிரைவர், ராம், விசிறி என்று வரிசையாகச் சோதிப்பது அவசியம். அது இந்த லேப்டாப்பில் எது கெட்டது என்று சொல்லும். ஏன் கெட்டது என்பதற்கு இன்னும் ஆயிரம் லேப்டாப்களின் கதை வேண்டும். எனவே மதர்போர்டுக்குப் பணம் கட்டும் முன் அதே மாடல், அதே சில்லு வேறு யாருக்கெல்லாம் கெட்டது, கம்பெனி உத்தரவாதத்தை நீட்டித்திருக்கிறதா, உத்தரவாதச் செலவாக எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். அந்தச் சமரசத்தின் வழியாகப் பணம் திரும்ப வாங்க முடிந்தவர்கள், பழுதுபார்த்த பில்லைத் தூக்கி எறியாதவர்கள்தான்.