ஷூவுக்கு நாடா கட்டாயம், சுடும் பயிற்சி விருப்பம்: தகடூர் மண்ணிலிருந்து ஆயுதக் காவலின் வரலாறு

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2006-இல் வெளியிட்ட மாதிரி விதிகளில் காவலரின் உடை பற்றி ஒரு பகுதி உண்டு. கையில் நிறுவனத்தின் பட்டை இருக்க வேண்டும். தோளிலோ மார்பிலோ பதவியைக் காட்டும் வில்லை. கயிற்றில் கோத்த விசில், அதுவும் இடப்பக்கப் பையில். காலில் நாடா கட்டிய ஷூ, தலையில் தொப்பி. உடை உடம்பைப் பிடிக்கவும் கூடாது, தொளதொளவென்று தொங்கவும் கூடாது. கூடவே ஒரு குறிப்பேடும் எழுதுகோலும். இத்தனை நுணுக்கமாக எழுதிய அதே விதிகள், பயிற்சிப் பாடங்களைப் பட்டியலிடும் இடத்தில், துப்பாக்கியைக் கையாளும் பாடத்துக்குப் பக்கத்தில் ‘விருப்பப் பாடம்’ என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன.

இந்த முரண் 2006-இல் பிறந்ததல்ல. ஆயுதம் தாங்கிய காவலின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், கடந்த இருநூறு ஆண்டுகளாக அரசுகள் துப்பாக்கியை எண்ணிய அளவுக்கு அதைத் தூக்கியவரின் திறமையைச் சோதிக்கவில்லை என்பது தெரியும். அதற்கு முன்பு நிலைமை வேறு. அதற்கான சான்று தருமபுரி மாவட்டத்தில் கல்லில் நிற்கிறது.

தருமபுரியை உள்ளடக்கிய பழைய தகடூர் நாடும் அதை ஒட்டிய செங்கம் பகுதியும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த நிலங்கள். செங்கம் நடுகற்களை இரா. நாகசாமி 1972-இல் நூலாகப் பதிப்பித்தார். தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் பல நடுகற்கள் வைக்கப்பட்டுள்ளன. வட்டெழுத்தில் பொறித்த அந்த வாசகங்களுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்பு: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் கீழ் இருந்த சேவகன், எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப் போய் எப்படி மாண்டான் என்று வரிசையாகச் சொல்லும். எழுத்துக்கு அருகில் உருவம். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகள். வேலைக்கு வைத்தவர் யார், வேலை செய்தவர் யார், கருவி என்ன, கடமை என்ன, முடிவு என்ன என்ற ஐந்தும் ஒரே கல்லில் அடங்கிவிடுகின்றன. இன்றைய பாதுகாப்பு நிறுவனங்களின் பதிவேடுகளில்கூட இவை ஒருசேரக் கிடைப்பது அரிது.

செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் உள்ள கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டே சொல்கிறது. காவலில் பங்கெடுத்த நாய்க்கும் பெயரும் பணிக்குறிப்பும் எழுதிவைத்த சமூகம் அது. அந்தத் தொறுப் பூசல்களின் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காவல் புரிந்தவரின் திறத்தை ஊர் கண்ணால் கண்டது, கண்டதைக் கல்லில் எழுதியது என்பது முக்கியம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ வரியாகவே வருகிறது. ஊர் பணமோ தானியமோ தரும், காவலைப் பெறும். பிற்காலத்தில் இதுவே தென்மாவட்டங்களில் காவல் முறையாக வேர்விட்டது. அதன் மையத்தில் ஒரு கறாரான ஒப்பந்தம் இருந்தது: களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். காவல்காரரிடம் எந்த ஆயுதம் இருந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. பொருள் பத்திரமாக இருந்ததா என்பதே கேள்வி. முறை கெட்டும் போனது. காவல் கூலி தராதவர் வீட்டில் களவு நடப்பது வழக்கமாகி, 1890-களில் மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் காவலுக்கு எதிராகவே மக்கள் திரண்டார்கள். தரத்தை ஊர் மட்டுமே மேற்பார்வையிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. தருமபுரியும் அதனுள் அடங்கும். கம்பெனி இங்கிருந்த ஆட்களை நம்பவில்லை, அவர்களிடம் இருந்த ஆயுதங்களையும் நம்பவில்லை. பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தெற்குப் பாளையங்களில் மக்கள் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் அரசுக் காவலின் கீழ்ப்படியாக்கியது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் துறைச் சட்டம் வந்தது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கவலை முழுவதும் ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பதிலேயே குவிந்தது. 1860-இலும் 1878-இலும் வந்த ஆயுதச் சட்டங்கள் அதன் விளைவு. 1878 சட்டத்தின் கீழ் இந்தியருக்கு உரிமம் தேவை, ஐரோப்பியருக்கு விலக்கு. காவலருக்குக் கொடுத்த கருவியிலும் அதே எச்சரிக்கை. ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைக் குழலின் உள்வரி நீக்கி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி இஷாப்பூர் தொழிற்சாலையில் மாற்றி, .410 மஸ்கட் என்ற பெயரில் இந்தியக் காவல் படைகளுக்கு வழங்கினார்கள். காவலர் கையில் ஆயுதம் இருக்க வேண்டும், ஆனால் அது ராணுவத்தை எதிர்க்கும் வலுவோடு இருக்கக் கூடாது என்பதே கணக்கு. கருவியின் தரம் திட்டமிட்டே குறைக்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டம் இனப் பாகுபாடு அற்றது. ஆனாலும் உரிமம், குழல் அளவு, தோட்டா எண்ணிக்கை என்ற பழைய சட்டகத்துக்குள்தான் அது நின்றது. ராணுவத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகைக்குள் போயின. தனியார் காவலுக்கு மிஞ்சியது பெரும்பாலும் 12 போர் துப்பாக்கி. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று கடைவீதி மக்களும் அறிந்த கருவி அது. வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருக்கும் ‘கன்மேன்’ மடியில் கிடப்பது அதுதான். நடுவில் மடக்கித் திறந்தால் இரண்டு அறைகளும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். பழைய காகித உறைத் தோட்டாக்கள் மழைக்காலத்து ஈரத்தில் உப்பி அறைக்குள் நுழைய மறுக்கும். கூட்டம் நிறைந்த வங்கி அரங்கில் அது சிதறடிக்கும் ஈய உருண்டைகள் திருடனுக்கும் நகைக்கடன் வரிசையில் நிற்கும் அம்மாவுக்கும் வேறுபாடு பார்க்காது. எப்போது சுடக் கூடாது என்பதுதான் இந்தத் துப்பாக்கிக்குரிய முதல் பாடம். அதை யார் கற்றுத்தருகிறார்கள்?

நீண்ட காலம் அதற்கான விடை ராணுவத்திலிருந்து வந்தது. ஓய்வு பெற்ற படைவீரர்கள் பயிற்சியை உடம்பிலேயே கொண்டுவந்தார்கள். வங்கிகள் அவர்களைக் காவலுக்கு எடுத்தன. பொதுத்துறை ஆலைகளுக்கு 1969 முதல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை வந்தது. தமிழ்நாடு அரசு 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்களுக்கு முன்னாள் வீரர்களைக் காவலுக்கு அனுப்பியது. தருமபுரி போன்ற மாவட்டங்களில் ராணுவத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருந்து திரும்பியவருக்கு இது மரியாதையான இரண்டாவது வேலை. தரம் ஆளோடு வந்தது, விதியோடு அல்ல. தனியார் நிறுவனங்கள் பெருகி, முன்னாள் வீரர்கள் போதாமல் போனபோதுதான் விதியின் ஓட்டை வெளியே தெரிந்தது.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் அந்த ஓட்டையை அடைக்க வந்தது. உரிமம் இல்லாமல் நிறுவனம் நடத்தக் கூடாது. காவலருக்கு வயது 18-க்கும் 65-க்கும் இடையில். அடுத்து வந்த மாதிரி விதிகள் ஆணுக்கு 160, பெண்ணுக்கு 150 செ.மீ. உயரம் கேட்டன. ஆறு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவலருக்கும் அது 40 மணி, 16 மணி என்று சுருங்கும். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், தற்காப்பு உரிமை, முதல் தகவல் அறிக்கை கொடுக்கும் முறை எல்லாம் பாடத்தில் உண்டு. நல்ல பட்டியல்தான். லத்தி பிடிக்கும் காவலருக்கும் துப்பாக்கி பிடிக்கும் காவலருக்கும் ஒரே பட்டியல் என்பதுதான் குறை.

விளைவு சந்தையில் தெரிந்தது. ‘லைசென்ஸ் துப்பாக்கியோடு வருகிறாயா?’ என்பதே இத்துறையில் கன்மேனிடம் கேட்கும் முதல் கேள்வி ஆனது. ஒருவர் தன் சொந்தப் பாதுகாப்புக்கு வாங்கிய உரிமம் அவருக்கு வேலைவாய்ப்புச் சான்றாக மாறியது. காகிதம் தகுதியானால் போலிக் காகிதமும் வரும். 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில், பண வண்டிக் காவலுக்கு வந்த ஐந்து பேர் போலி உரிமத்துடன் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 22 அன்று, 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில், பாகலூர் சாலையில் இருந்த நகைக்கடன் நிறுவனத்துக்குள் முகமூடிக் கும்பல் துப்பாக்கிகளோடு புகுந்தது. காவலரைத் தாக்கி, ஊழியர்களைக் கட்டிப்போட்டு, சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிச் சென்றது. மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்தது நகைகளோடு வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவி. வாசலில் நின்ற மனிதருக்குச் செலவிடாத அக்கறை ஒரு சின்ன மின்னணுக் கருவிக்குப் போயிருக்கிறது என்று அந்த நிகழ்ச்சியைப் படிக்கலாம்.

பணப் போக்குவரத்தில் 2015 நவம்பர் 26 ஒரு திருப்பம். டெல்லியில் துப்பாக்கிக் காவலர் வழியில் இறங்கிய சிறிது நேரத்தில், ஓட்டுநர் 22.5 கோடி ரூபாயோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இத்தகைய சம்பவங்களுக்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் பண வண்டிகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. ஓட்டுநர் ஒருவர், ஆயுதக் காவலர் இருவர், பணம் கையாளுவோர் இருவர். ஒரு காவலர் முன்னே ஓட்டுநருக்குப் பக்கத்தில், மற்றவர் பின்னே. ஒரு நடைக்கு ஐந்து கோடிக்கு மேல் கூடாது. வண்டிக்கு ஜி.பி.எஸ்., முன்னும் பின்னும் உள்ளேயும் கேமரா, அவற்றில் ஐந்து நாள் பதிவு. ஏ.டி.எம்.-இல் பணம் நிரப்ப நகரத்தில் இரவு 9 மணி, கிராமத்தில் மாலை 6 மணி எல்லை.

இந்த விதியைப் பாப்பாரப்பட்டிச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். பென்னாகரம் வட்டத்தில் பாப்பாரப்பட்டி பேரூராட்சி, சுற்றியிருப்பவை கிராம ஊராட்சிகள். தருமபுரியிலிருந்து புறப்படும் வண்டி ஒரே மாலையில் இரண்டையும் கடக்கும். எந்த ஏ.டி.எம்.-க்கு எந்த நேர எல்லை என்று வழியிலேயே முடிவெடுக்க வேண்டியவர்கள் வண்டிக்குள் இருக்கும் அந்த ஐவர்தான். பணத்தைக் கீழே இறக்கும் சில நிமிடங்களில் தெருவைப் பார்த்து நிற்பதா, பெட்டியைப் பார்த்து நிற்பதா, கூட்டம் நெருங்கினால் குழலை எங்கே திருப்புவது என்பவற்றைக் கேமரா சொல்லித்தராது. 2025 நவம்பரில் பெங்களூரில் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், பண வண்டியிலிருந்து 7.11 கோடி ரூபாயைக் கொண்டுபோனார்கள். வண்டியில் துப்பாக்கி இருந்தது. வந்தவரின் அடையாளத்தை உறுதிசெய்யும் வரை கதவைத் திறக்காத பழக்கம் இல்லை.

நேர் எதிரான வழக்கு ஒன்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. கடற்கொள்ளைக்கு எதிராகக் கப்பல்களுக்குக் காவலர் தரும் அமெரிக்க நிறுவனமொன்றின் ‘சீமேன் கார்டு ஓஹியோ’ கப்பல் 2013 அக்டோபர் 12 அன்று கடலோரக் காவல் படையால் மடக்கப்பட்டுத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியர், எஸ்டோனியர், பிரிட்டிஷார், உக்ரேனியர் என 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். காவலர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர், கைதேர்ந்தவர்கள். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கடற்படையினர் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற ஆறாத கோபமும் அப்போது நாட்டில் இருந்தது. வழக்கு முழுக்க உரிமத்தையும் கடல் எல்லையையும் டீசல் வாங்கியதையும் சுற்றியே நடந்தது. 2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அங்கே கை தேர்ந்திருந்தது, காகிதம் சிக்கலானது.

உலகம் கைத்திறனையும் காகிதத்தையும் சேர்த்து அளக்கக் கற்றது ரத்தம் சிந்தித்தான். 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனமான பிளாக்வாட்டரின் காவலர்கள் 17 பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு இத்தகைய நிறுவனங்களை நெறிப்படுத்த 2008-இல் மான்ட்ரூ ஆவணமும், 2010-இல் தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான சர்வதேச நடத்தை விதிகளும் வந்தன. கப்பல் காவலுக்கு ஐ.எஸ்.ஓ. 28007 என்ற தரம் 2015-இல் உருவானது. ஆயுதத்தின் கணக்கு, பலப்பிரயோகத்தின் வரம்பு, காவலரின் பயிற்சிச் சான்று எல்லாம் இவற்றில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன.

இந்தியாவில் அதற்கான தொடக்கம் 2016 ஆயுத விதிகளில் தெரிந்தது. உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று அவை சொல்கின்றன. பாதுகாப்பாகக் கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பூட்டி வைத்தல் ஆகியவை அதில் அடங்கும். ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. சொந்தப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிக்கு அது வசதி. நாள்தோறும் பொதுவிடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நிற்பவருக்கு ஐந்தாண்டு மிக நீண்ட இடைவெளி. காவல் பணிக்கான உரிமத்தைத் தனி வகையாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒருமுறை மாவட்ட ஆயுதப்படையின் சுடும் தளத்தில் சுட்டுக்காட்டச் சொல்லி, அதற்கான தோட்டாச் செலவையும் அன்றைய சம்பளத்தையும் வேலைக்கு வைத்தவரே ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்யலாம்.