புகாட்டி டைப் 35: பந்தயக் கார் அளவுமாதிரியும் வெதரிங்கும்

பழைய பந்தயக் காரை 1:12, 1:24 போன்ற விகிதங்களில் சிறிதாக்கி, பிளாஸ்டிக், ரெசின், உலோகப் பாகங்களால் கையால் கட்டுவது அளவுமாதிரிக் கலை. அப்படிக் கட்டிய காரின் மேல் சாலைத் தூசி, எண்ணெய்க் கறை, கல்லடித் தழும்பு, சூட்டில் நிறம் மாறிய உலோகம் ஆகியவற்றைக் கொண்டுவரும் வேலையை மாதிரி செய்வோர் வெதரிங் என்கிறார்கள். கார் முழுவதும் முடிந்த பிறகு, ரசனைக்கேற்பச் சேர்க்கும் ஒப்பனையாகவே பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் பந்தயக் காரின் அழுக்குக்கு ஊர் உண்டு, தேதி உண்டு, ஓட்டம் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கணக்கும் உண்டு. ஆகவே காரின் நீள அகலத்தைப் போலவே அழுக்கையும் சான்றுகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எந்தப் பந்தயம், எந்தக் கட்டம் என்று முடிவு செய்யாமல் முதல் பாகத்தை ஒட்டத் தொடங்குவது தவறு. இதைச் சோதித்துப் பார்க்க புகாட்டி டைப் 35 மிகவும் ஏற்ற கார். ஒரே வடிவம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாலைகளில் ஓடியிருக்கிறது; 1:24 அளவில் மோனோகிராம் நிறுவனமும் 1:12 அளவில் இத்தாலேரி நிறுவனமும் அதற்குக் கிட் வெளியிட்டுள்ளன.

அல்சாஸ் பகுதியில் உள்ள மோல்சைம் என்ற சிற்றூரில் எத்தோரே புகாட்டி நடத்திய தொழிற்சாலையில் உருவானது இந்தக் கார். 1924 ஆகஸ்டில் லியோனுக்கு அருகே நடந்த கிராண்ட் பிரீ போட்டியில் முதன்முதலாகக் களமிறங்கியது. எட்டு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் 1991 கன செ.மீ. என்ஜின் அதற்கு. பின்னால் வந்த 35பி வகையில் அது 2262 கன செ.மீ. ஆனது, சூப்பர்சார்ஜரும் சேர்ந்தது. குதிரை லாட வடிவ ரேடியேட்டர், கூம்பி முடியும் வால், அலுமினியத் தகட்டு உடல். மாதிரி செய்பவரின் கண் முதலில் போய் நிற்பது சக்கரத்தில். எட்டுத் தட்டையான ஆரங்களும் பிரேக் டிரம்மும் ஒரே அலுமினிய வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், உள்ளே பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். முன் அச்சு இன்னும் நேர்த்தி. மற்ற கார்களில் ஸ்பிரிங் பட்டைகள் அச்சின் மேலேயோ கீழேயோ கட்டப்பட்டிருக்கும். இங்கே அச்சில் விட்ட சதுரத் துளைக்குள் அவை நுழைந்து மறுபுறம் வெளியேறுகின்றன. துளையின் விளிம்பில் கிரீஸ் கசிந்து தூசியைப் பிடித்துக் கறுத்திருக்கும். பக்கத்திலேயே அச்சின் மெருகேற்றிய பரப்பு பளபளக்கும். இந்தச் சில மில்லிமீட்டர் இடத்தைச் சரியாகச் செய்தவர் மற்ற இடங்களிலும் அநேகமாகச் சரியாகவே செய்திருப்பார்.

இந்தக் காரின் இரண்டு ஓட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சிசிலியின் மதோனியே மலைப்பாதையில் நடந்த தார்கா ஃபுளோரியோவை 1925 முதல் 1929 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் புகாட்டியே வென்றது. ஒரு சுற்று 108 கி.மீ., ஐந்து சுற்றுக்கு 540 கி.மீ. 1928இல் வென்ற அல்பேர் திவோவுக்கே ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அந்த ஆண்டு செக் நாட்டு வீராங்கனை எலிஷ்கா யுன்கோவா பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்து மனதில் பதித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் சுற்றின் முடிவில் முன்னிலை வகித்த அவர், கடைசிக் கட்டத்தில் கோளாறு ஏற்பட்டு ஐந்தாவதாக முடித்தார். பாதையின் பெரும்பகுதி சரளையும் மண்ணும். கார்களை ஒன்றாக அல்லாமல் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத்தான் அனுப்பினார்கள். அதனால் பெரும்பாலான நேரம் தனியாக ஓடும் கார், தன் முன்சக்கரங்கள் கிளப்பும் தூசியையே வாங்கிக்கொள்ளும். மட்கார்டு கிடையாது, தூசி பானட்டின் பக்கவாட்டிலும் ஓட்டுநரின் முழங்கை உரசும் இடத்திலும் படியும், வாலின் கீழ்ப்பகுதியில் தடித்து ஏறும். ரேடியேட்டர் முகம் அதே அளவு தூசியேற வேண்டுமானால் அந்தக் கார் இன்னொரு காரின் பின்னால் நெடுநேரம் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு காரின் பந்தய வரலாறே இப்படித் தூசி படிந்த இடங்களைத் தீர்மானிக்கிறது.

1929 ஏப்ரல் 14 அன்று நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீ இதற்கு நேர் எதிர். 'வில்லியம்ஸ்' என்ற பெயரில் ஓட்டிய வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ், பச்சை வண்ண 35பியில், 12ஆம் எண்ணுடன், 100 சுற்றுகளை 3 மணி 56 நிமிடத்தில் முடித்து வென்றார். நகரத் தெருக்கள், ஒரு சுற்று 3 கி.மீ.க்குச் சற்றே கூடுதல், நொடிக்கொரு வளைவு. இங்கே தூசி குறைவு, பிரேக் வேலை கடுமை. டிரம்மின் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பொடி, ஆரங்களின் மேல் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சிதறிய கிரீஸ் கோடுகள், எரிபொருள் நிரப்பும்போது வால் மூடியைச் சுற்றி வழிந்த தடம். இவைதான் மொனாக்கோவின் அழுக்கு. சிசிலித் தூசியை இந்தப் பச்சைக் காரின் மேல் தூவினால், தூவியவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மாதிரி பொய் சொல்கிறது.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவு. வெதரிங் நுட்பங்களில் பெரும்பாலானவை டாங்கி மாதிரிகளிலிருந்து வந்தவை. டாங்கி மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடக்கும். மழை, சேறு, துரு எல்லாம் அடுக்கடுக்காக ஏறும். பந்தயக் காரை ஓட்டத்துக்கு முன்தினம் மெக்கானிக்குகள் துடைத்து வைத்திருப்பார்கள்; அதன் மேல் தெரிவது ஒரே நாளின் அழுக்கு. டாங்கிப் பழக்கத்தில் புகாட்டியின் பானட் ஓரத்தில் செந்துரு வைப்பவர்கள் உண்டு. அலுமினியம் செந்நிறமாகத் துருப்பிடிக்காது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் முதலில் வெள்ளியாகப் பளிச்சிடும், நாளாக நாளாகச் சாம்பல் பூக்கும், அவ்வளவே. துருவுக்கு நியாயம் உள்ள இடங்கள் எஃகுப் பாகங்கள்தான். அவற்றிலும் முக்கியமாக, சூடேறிப் பழுப்பும் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறிய புகைக்குழாய். கைவிடப்பட்ட காரின் சிதைவு இன்னொரு தனி வகை. 1925ஆம் ஆண்டு புகாட்டி டைப் 22 ஒன்று மாஜ்ஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்து 2009இல் மீட்கப்பட்டது. அரித்துப்போன அந்த உடலைப் பார்த்து ஒரு மாதிரி செய்வதானால், அது ஏரி தின்ற காருக்குத்தான் பொருந்தும். பந்தய முடிவுக்கோட்டைத் தாண்டிய காரோடு அதைக் குழப்பக்கூடாது.

காரை நாளெல்லாம் துடைத்துத்தானே வைத்திருந்தார்கள், அப்படியானால் பளபளக்கும் மாதிரியே உண்மைக்கு அருகில் இருப்பது என்று வாதிடுவோர் உண்டு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தொடக்கக் கோட்டில் நிற்கும் காரைச் செய்கிறேன் என்றால் உடல் பளபளக்கத்தான் வேண்டும். ஆனால் அதுவும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக் கார்தான். பயிற்சி ஓட்டத்தில் புகைக்குழாய் ஏற்கெனவே வெந்திருக்கும், டிரம் கறுத்திருக்கும், டயரின் தரை தொடும் பகுதி சொரசொரப்பாகச் சாம்பலேறி, பக்கச்சுவர் மட்டும் கறுப்பாக இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தாற்போன்ற டயரும் கன்னி உலோகக் குழாயும் கொண்ட கார் எந்தத் தொடக்கக் கோட்டிலும் நின்றதில்லை. சுத்தமான மாதிரிக்கும் வெதரிங் தேவை. அதன் அளவும் இடமும்தான் வேறு.

காலத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதற்குக் கைவேலை தரும் காரணமும் உண்டு: அழுக்குக்கான ஏற்பாடு பெயின்டுக்கு அடியிலேயே தொடங்குகிறது. நீலப் பூச்சு உதிர்ந்து அலுமினியம் தெரிய வேண்டுமானால் பிரைமருக்கு மேல் முதலில் அலுமினிய நிறம் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் தலைமுடி ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடித்து, அதன் மேல் நீல அக்ரிலிக் பூச்சு. பிறகு தண்ணீரில் நனைத்த குறுந்தூரிகையால் தேய்த்தால் ஸ்ப்ரே படலம் கரைந்து, மேல் பூச்சு மட்டும் துணுக்குத் துணுக்காக உரியும். மேலே சாம்பல் பெயின்டால் புள்ளி வைப்பதைவிட இது மெய்யானது, ஏனென்றால் இங்கே பூச்சு உண்மையாகவே உதிர்கிறது. அடுத்த கட்டங்களிலும் கார் அழுக்கான வரிசையையே பின்பற்ற வேண்டும். அக்காலப் பந்தய என்ஜின்களில் ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய், உயவுக்குப் பயன்பட்டது. சூட்டில் அது பழுப்பு வார்னிஷாக இறுகிவிடும். ஆகவே கசிவிடங்களில் முதலில் பழுப்புச் சாயல் கொண்ட கண்ணாடிப் பூச்சு, பிறகு இடுக்குகளில் எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்த வாஷ், கடைசியாகத் தூசிப்பொடி. ஈரம் உள்ள இடத்தில் பொடி தானாகவே தடித்து ஒட்டும், உலர்ந்த இடத்தில் நழுவும். எங்கே எவ்வளவு என்ற கேள்விக்குப் பாதி விடையைப் பொருளே தந்துவிடுகிறது. வால் மூடியில் பெட்ரோல் வழிந்த தடத்தைப் பெயின்டால் வரையவே தேவையில்லை. தூசி படிந்த வாலில் சுத்தமான தின்னர் தொட்ட தூரிகையை மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தால், அசல் காரில் பெட்ரோல் செய்ததைத் தின்னர் இங்கே செய்கிறது: தூசியைக் கழுவி, விளிம்பில் ஒதுக்கி, காய்ந்துவிடுகிறது.

கட்டுமானக் குறையை மறைக்கத்தான் அழுக்கு என்ற குற்றச்சாட்டுக்கு மேற்சொன்ன வேலையே பதில். வாஷ் பள்ளத்தைத் தேடிப் போகும். சரியாக நிரப்பாத இணைப்புக் கோடு, வழிந்த பசையின் மேடு, தேய்க்க மறந்த அச்சுவிளிம்பு எல்லாவற்றையும் அது கறுப்புக் கோடாக எடுத்துக்காட்டிவிடும். குறையுள்ள மாதிரியை ஓரளவு காப்பாற்றுவது பளபளப்பான ஒற்றை நிறம்தான். தடிமனாகச் சேற்றை அப்பி மறைக்கலாம் என்பது உண்மை. அந்தச் சேறு எந்தப் பந்தயத்துச் சேறு என்று கேட்டாலே அதுவும் வெளிப்பட்டுவிடும்.

அளவு பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. காரைச் சுருக்கலாம், தூசியைச் சுருக்க முடியாது என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டைப் 35இன் முன்பின் அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர், 1:24இல் அது 10 செ.மீ. சரளை தெறித்து விழுந்த 3 மி.மீ. தழும்பு அதே அளவில் 0.125 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். பஞ்சுத் துண்டால் ஒற்றி வைக்கும் புள்ளி அதைப் போலப் பல மடங்கு பெரிது. அசல் காரில் அது சுத்தியலடிபோல இருந்திருக்கும். ஆகவே ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதிக்குப் பார்க்கும் தூரம் விடை சொல்கிறது. 1:24 மாதிரியை அரை மீட்டரில் பார்ப்பது அசல் காரை 12 மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் தனித்தனித் தழும்பு கண்ணில் படாது. அந்த இடத்தின் நீலம் சற்று மங்கியும் வெளிறியும் தெரியும். எனவே 1:24இல் தழும்புகளை விட்டுவிட்டு, மிக நீர்த்த வண்ணத்தை ஏர்பிரஷால் தூவி நிறத்தை மட்டும் நகர்த்துவதே சரி. 1:12இல் அதே பார்வை 6 மீட்டருக்குச் சமம். பெரிய தழும்புகள் அங்கே இடம் பெறலாம். எந்த அளவு கிட்டில் எந்த நுட்பம் என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கட்டும், கையில் உள்ள பழக்கம் வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை சான்றுகள் சற்று வழுக்கும். படங்கள் கறுப்பு வெள்ளை. அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் தகடுகள் சிவப்பை உணராதவை, நீலத்தை மிகையாக உணர்பவை. அப்படிப் பிடித்த படத்தில் பிரெஞ்சு நீலக் கார் வெளிறித் தெரியும். அதன் மேல் படிந்த காவித் தூசி காரைவிடக் கறுத்துத் தெரியும். இதை அறியாமல் படத்தை அப்படியே நகலெடுப்பவர் கரிய சேறு பூசிய வெளிர் காரைச் செய்து முடிப்பார். அருங்காட்சியகக் கார்களும் முழு விடை தரா. முலூசில் உள்ள ஷ்லம்ப் சகோதரர்களின் சேகரிப்பில் புகாட்டிகளை வரிசை வரிசையாகக் காணலாம். அச்சின் வடிவத்துக்கும் ரிவெட்டுகளின் இடைவெளிக்கும் அவை நல்ல ஆதாரம். ஆனால் புதுப்பித்த காரின் பூச்சு எந்தப் பந்தய நாளையும் காட்டாது. படத்திலிருந்து அழுக்கு படிந்த இடத்தையும் அதன் எல்லையையும் எடுத்துக்கொள்ளலாம். அதன் நிறத்தை அந்த நிலத்தின் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும்: மதோனியே பாதைக்கு அந்த மலையின் இன்றைய வண்ணப் படங்களைப் பார்த்து மூன்று நான்கு பொடிகளைக் கலந்து, நீலத் துண்டுத் தகடொன்றில் தூவிப் பார்த்து, அதைக் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். இன்றைய கேமரா ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு போல நிறங்களைப் பார்ப்பதில்லை என்பதால், வண்ணப் படத்தில் நீல அலைவரிசையை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிடுவது இன்னும் நெருங்கிய முடிவைத் தரும்.