டின் பாலும் தாய்ப்பாலும்

மலாயாவின் நகரங்களிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் காப்பிக்கடைக்குச் செல்வோர், காலியான பால் டின்னில் கயிறு கோத்துக் காப்பியை வாங்கிச் செல்வது வழக்கம். அதே டின் ஏழையின் வீட்டில் அரிசி அளக்கும் அளவையாகவும் பயன்பட்டது. எளிய மக்களின் வாழ்வோடு அத்துணை நெருங்கிய பொருள் அது. ஆனால், அதனுள் அடைத்து விற்கப்பட்ட இனிப்புக் கெட்டிப்பால் பச்சிளங் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய துயர வரலாறு ஒன்றையும் தாங்கி நிற்கிறது.

பாலை வெற்றிடத்தில் வற்றக் காய்ச்சிக் கெட்டியாக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கெட்டிப்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சர்க்கரையே ஆகும். அச்சர்க்கரைதான் அதனைக் கெடாமல் காக்கிறது. ஆகவே, வெப்பம் மிகுந்த நாடுகளில் அதன் வாணிகம் விரைந்து பரவியது.

1930களில் சிங்கப்பூர்ச் சைனாடவுனின் கடைவீடுகளில் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. ஒரு மாடி பல சிற்றறைகளாகப் பலகைகளால் தடுக்கப்பட்டிருந்தது. அவற்றுட் பல, சன்னலே இல்லாதவை. பல குடும்பங்களுக்கு ஓர் அடுக்களையே பொதுவாக இருந்தது. பசும்பால் கிடைக்கவில்லையா எனின், கிடைத்தது. சிராங்கூன் சாலைப் பகுதியில் இந்தியர்கள் மாடுகளும் எருமைகளும் வளர்த்தனர். எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் இடப்பெயரே அதற்குச் சான்று. ஆனால், பசும்பாலின் விலை கூலிக்காரரின் கைக்கு எட்டுவதாக இல்லை. அது விரைவில் திரிந்தும் போகும். கெட்டிப்பாலோ மூலைக்கடையிலேயே மலிவாகக் கிடைத்தது. பல நாள் இருந்தது. கிடைப்பதே உணவாகிவிடும் நிலையில், ஏழைத் தாய் அதனை நாடியதில் வியப்பில்லை.

எனினும், மலிவு மட்டுமே அதனைத் தொட்டிலருகே கொண்டு சேர்க்கவில்லை, விளம்பரமும் சேர்த்தது. எழுத்தறியாதவரும் டின்னின்மீதுள்ள படத்தைக் கண்டு பாலை அடையாளங்கண்டனர். மேலும், செவிலியர் போல் வெள்ளுடை அணிந்த பெண்கள் குழந்தை பெற்ற தாய்மாரைத் தேடிச் சென்று, டின் பாலைப் பரிந்துரைத்தனர். வெள்ளுடையை மருத்துவத்தின் சின்னமாகவே கருதிய தாய், வணிகத்தின் குரலை மருத்துவத்தின் குரலென எண்ணி ஏமாந்தாள்.

அதன் விளைவு கொடியது. மலிவான டின் பாலிற் பெரும்பகுதி கொழுப்பு நீக்கப்பட்டது. கொழுப்பு நீங்கினால் ‘ஏ’, ‘டி’ ஆகிய உயிர்ச்சத்துகளும் உடன் நீங்கும். முன்னதன் குறையால் கண்ணொளி கெடும். பின்னதன் குறையால் எலும்பு வளையும். சிக்கனம் கருதித் தாய் பாலில் நீரை மிகுதியாகக் கலந்தாள். தூய்மையற்ற நீரும் கொதிக்க வைக்கப்படாத புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொணர்ந்தன. டின் பாலைக் கொடுக்கக் கொடுக்கத் தாய்ப்பாலும் வற்றியது. பின்னர்த் தாய் விரும்பினும் மீள்வது எளிதன்று.

இக்கொடுமையைத் துணிந்து எடுத்துரைத்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1893ஆம் ஆண்டில் ஜமைக்காவில் பிறந்த அவர், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்டில் பணியாற்றியபோது ‘குவாஷியோர்க்கர்’ என்னும் சத்துக்குறை நோயை மருத்துவ உலகிற்கு விளக்கினார். 1936ஆம் ஆண்டில் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் உரையாற்றினார். ‘பாலும் கொலையும்’ என்பதே அவ்வுரையின் தலைப்பு. செல்வரும் வணிகரும் நிறைந்த அவையில், தவறான பால் விளம்பரத்தால் விளையும் குழந்தைச் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என அவர் வாதிட்டார். தாய்ப்பால் கிட்டாத குழந்தைக்கு மாற்றுணவு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். தாய்ப்பால் இருக்கும்போதே அதனைக் கைவிடத் தூண்டும் வாணிகமே கண்டனத்துக்கு உரியது.

போர் மூண்டது. 1942ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்குப் பிறந்த குழந்தைகள் இருபது. தாய்ப்பால் உண்டவை இருபது. உயிர் பிழைத்தவையும் இருபது என அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உணவு அருகிய சிறையில் பிழைத்த குழந்தைகளே அவருடைய வாதத்துக்கு உயிருள்ள சான்றாயின.

1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார் வில்லியம்ஸ். ஆயினும், அவர் கண்டித்த விற்பனை முறை பல நாடுகளில் பின்னரும் தொடர்ந்தது. டின் பாலின் இடத்தில் பால்மாவு வந்தது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1979ஆம் ஆண்டில் அனைத்துலகக் குழந்தை உணவுச் செயற்பாட்டு வலைப்பின்னல் ஜெனிவாவில் உருவாயிற்று. அதற்குப் பெரிதும் உழைத்தவர்களுள் ஒருவர் மலேசியரான அன்வார் ஃபசால். 1981ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறையை உலகச் சுகாதார மாமன்றம் ஏற்றது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. விற்பனையாளர் தாய்மாரை நேரில் அணுகுதல் கூடாது என்பது அந்நெறிமுறையின் விதிகளுள் ஒன்று. சிங்கப்பூரில் எழுந்த குரல் 42 ஆண்டுகள் கழித்து உலகின் விதியாயிற்று! 1986ஆம் ஆண்டில் அவ்வுரை பினாங்கில் சிறுநூலாகவும் வெளியிடப்பட்டது.

எனினும், கதை முடிந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டில் இந்தோனேசியா, கெட்டிப்பால் விளம்பரங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காட்டக் கூடாதெனத் தடைவிதிக்க நேர்ந்தது. அந்தப் படத்தை நம்பிக் குழந்தைக்கு அதனைப் பாலாகவே புகட்டுவோர் இந்நூற்றாண்டிலும் இருந்தனர் என்பதையே அத்தடை உணர்த்துகிறது.

எழுத்தறியாத தாய் படத்தை நம்பினாள். அது அவளுடைய குற்றமன்று. எழுத்தறிந்த தலைமுறையோ டின்னின்மீதுள்ள படத்தோடு நில்லாது, அதன் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளையும் படித்தல் வேண்டும். வகுப்பறையில் கற்பிக்கப்படும் எழுத்து, அடுக்களையிலும் தொட்டிலருகிலும் பயன்படும்போதே கல்வி முழுமை பெறும்.