பழங் கித்தாரின் வயதும் மதிப்பும்

பழைய கித்தார் ஒன்றின் வயதை அறிய விழைவோர் முதலில் அதன் முத்திரையையே நோக்குவர். முத்திரை மட்டும் போதிய சான்றாகுமா? மார்ட்டின் கித்தார்களின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

சாக்சனி நாட்டில் 1796இற் பிறந்த கிறித்தியன் பிரெடெரிக் மார்ட்டின், 1833இல் நியூயோர்க் நகரிற் குடியேறினார். சில ஆண்டுகளிற் பென்சில்வேனியாவிலுள்ள நாசரெத் என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்தார். தொழில் இடம்மாறிய பின்னரும், 1898 வரை, கருவிகளிற் பொறிக்கப்பட்டது நியூயோர்க் என்ற பெயரே. ஆகவே அம்முத்திரை விற்பனை நகரைக் காட்டுமேயன்றி, செய்த ஊரைக் காட்டாது.

தொடரிலக்கம் இடும் வழக்கமும் 1898இலேதான், ஏறத்தாழ 8000 என்னும் எண்ணிலிருந்து, தொடங்கியது. அதன் பின்னர் செய்யப்பட்டவற்றின் ஆண்டை இலக்கமே உணர்த்தும். முற்பட்டவற்றுக்கோ மரமும் வேலைப்பாடுமே சாட்சி.

மரத்திலும் ஒரு வரலாறு உண்டு. தோதகத்தியாற் செய்த உயர்தரக் கருவிகளுக்கு 1969 வரை பிரேசில் மரமே பயன்பட்டது. பின்னர் இந்திய மரம் அதன் இடத்தைப் பெற்றது. பிரேசில் தோதகத்தியின் அனைத்துலக வணிகம் 1992இற் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டமையால், அம்மரத்தாலான பழங்கருவிகளின் அருமை மேலும் உயர்ந்தது.

எனினும், பழைய மெருகைச் சுரண்டிப் புதிது பூசினால் மதிப்பு வெகுவாகக் குன்றும். வயதை உரைக்கும் சான்றும் அதனோடு அழியும். ஆதலின், வீட்டிற் பழங் கித்தார் வைத்திருப்போர் அதனைப் புதுக்க முற்படுமுன் வல்லாரிடம் காட்டுதலே நன்று.