விண்வெளிப் பயணமும் தென்னேரி வன்தட்டும்

தென்னேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். வாலாஜாபாத்தை அடுத்திருக்கும் இவ்வூருக்குப் பெயரே ஏரியால் வந்தது. தொண்டை நாட்டுத் திரையனின் பெயரால் திரையனேரி என்று வழங்கியது பின்னாளில் தென்னேரி என மருவிற்று என்பர். சென்ற பொங்கலுக்கு அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது கரையில் காலாற நடக்கலாம் என்று எண்ணியிருந்தேன். நடக்கவில்லை. வீட்டில் ஒரு வன்தட்டை முன்னிட்டு அப்பனுக்கும் பிள்ளைக்கும் இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

அக்காள் கணவர் காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுபவர். முன்பு கட்டம் போட்ட தாளில் வரைந்துகொண்டிருந்தவர், இப்போது கணினியில் வரைகிறார். எட்டு ஆண்டு உழைப்பு முழுவதும் ஒரு டெராபைட் கொண்ட எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றில் இருக்கிறது. மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். தன் மடிக்கணினியில் விண்டோஸை அகற்றி லினக்ஸ் நிறுவிக்கொண்டவன். அவனுக்குப் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட வேண்டும். 2023இல் வெளிவந்த அந்த விளையாட்டுக்கு 150 ஜிபி இடம் தேவை. மடிக்கணினியில் எஞ்சியிருந்ததோ நாற்பது ஜிபி. அப்பாவின் வட்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்ததால் அங்கே இறக்கினான். ஓர் இரவு முழுவதும் இறங்கிற்று, ஆனால் ஓடவில்லை. நண்பன் ஒருவன் "வட்டை ஃபார்மேட் செய்துவிடு" என்று அறிவுரை கூற, அதைத் தந்தையின் காதுபடச் சொல்லிவிட்டான். எட்டு ஆண்டு டிசைன்கள்! அக்காள்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"மாமா, இடம் இருக்கு, ஃபைல் எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் ஏன் ஓடமாட்டேங்குது?" என்று கேட்டான். விடை சொல்ல 1969ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். வாசகர்கள் அவ்வளவு அவசரக்காரர்கள் அல்லர் என்று நம்பி இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸில் விளையாட்டு ஓடாது என்று நெடுங்காலம் ஏளனம் பேசியவர்கள் பலர். ஆனால் லினக்ஸுக்கு மூதாதையான யூனிக்ஸ் பிறந்ததில் ஒரு விளையாட்டுக்குப் பங்குண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் மல்ட்டிக்ஸ் என்னும் மாபெரும் திட்டத்திலிருந்து 1969இல் விலகிக்கொண்டது. அத்திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்ப்ஸன், சூரிய மண்டலத்தில் விண்கலத்தைச் செலுத்தும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற விளையாட்டை அவ்வாண்டில் எழுதியிருந்தார். ஜி.இ. 635 என்னும் பெருங்கணினியில் ஓட்டினால் படம் தாவித்தாவி ஓடியது. ஒரு முறை ஆடக் கணினி நேரச் செலவு ஏறத்தாழ 75 டாலர். அந்நாளில் கணிசமான தொகை. அருகில் அதிகம் பேர் தொடாத பிடிபி-7 என்ற சிறு கணினி நல்ல காட்சித் திரையோடு கிடந்தது. தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் விளையாட்டை அதற்கு மாற்றி எழுதினர். அந்த வேலையில் அக்கணினியோடு ஏற்பட்ட பழக்கமே, தாம் மனத்தில் வைத்திருந்த கோப்பு முறைமையை அதில் செய்து பார்க்கத் தூண்டியது. அதுவே யூனிக்ஸ் ஆயிற்று. ரிட்சியே பின்னாளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து வந்தது இடப் பற்றாக்குறை. மருமகனின் தொல்லையும் இதுவே அல்லவா? பிடிபி-11 கணினிக்கு மாறிய பின்னர், 1974இல் தாம்ப்ஸனும் ரிட்சியும் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் வட்டுகளை வரிசைப்படுத்துகின்றனர். கழற்ற இயலாத சிறு வட்டு ஒன்று, ஒரு மெகாபைட். கழற்றி மாட்டக்கூடியவை நான்கு, ஒவ்வொன்றும் இரண்டரை மெகாபைட். இவற்றோடு நாற்பது மெகாபைட் கொள்ளும் பெரிய வட்டுத் தொகுதி ஒன்று. இத்தனை துண்டு வட்டுகளைப் பயன்படுத்துவோருக்கு எப்படிக் காட்டுவது?

பின்னாளில் டாஸும் விண்டோஸும் எடுத்துக்கொண்ட வழி நமக்குத் தெரியும்: ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து. சி டிரைவ், டி டிரைவ். யூனிக்ஸ் வேறு வழியில் போனது. கோப்புகள் அனைத்தும் ஒரே மரம். அதற்கு ஒரே வேர். புதிய வட்டை மாட்டும்போது மரத்தின் ஓர் இலையை நீக்கி அவ்விடத்தில் ஒரு கிளையை ஒட்ட வைப்பது போல் அவ்வட்டின் உள்ளடக்கம் முழுவதும் வந்து அமரும். இதற்கு 'மவுண்ட்' என்று பெயர். 1971இல் வெளிவந்த முதல் கையேட்டிலேயே இக்கட்டளை இருக்கிறது. எது உள் வட்டு, எது கழற்றி மாட்டும் வட்டு என்று நிரல்கள் அறிய வேண்டியதில்லை. இன்று லினக்ஸில் எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகியதும் 'மீடியா' என்ற அடைவின் கீழ் அது முளைப்பது அந்த ஒட்டுக்கிளையேதான்.

ஒட்டு என்றால் தழும்பு இருக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர் வைக்கும் 'லிங்க்' என்னும் வசதி யூனிக்ஸில் தொடக்கம் முதல் உண்டு. ஆனால் ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு அப்படிப் பெயர் வைக்க முடியாது என்பதை 1974ஆம் ஆண்டுக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. அக்குறையைத் தீர்த்தது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி. 1983இல் வெளிவந்த அதில் 'சிம்பாலிக் லிங்க்' இடம்பெற்றது: நீ தேடும் பொருள் இங்கே இல்லை, இன்ன முகவரிக்குப் போ என்று வழிகாட்டும் சிறு சுட்டி. வட்டு எல்லை அதற்குத் தடையில்லை. மருமகனின் வழக்கில் முதற்சாட்சி இந்தச் சுட்டிதான்.

இரண்டாம் சாட்சி, உரிமை. யூனிக்ஸ் ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்துப் பிள்ளை. ஆகவே கோப்பு ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. படிக்க, எழுத, இயக்கத் தனித்தனி அனுமதி உண்டு. டாஸ் மரபு அப்படியன்று. 1977இல் தோன்றிய ஃபேட் முறைமை ஃபிளாப்பிக்காக, ஒருவர் ஒரு கணினி முன் அமரும் உலகுக்காகச் செய்யப்பட்டது. உரிமையாளரும் இல்லை, இயக்க அனுமதியும் இல்லை. அதன் வாரிசான ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இன்றைய விளையாட்டுகளின் கோப்புகள் பலவும் அவ்வெல்லையை வாசலிலேயே கடந்துவிடுகின்றன. 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் அளவுத் தடையை நீக்கியது. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக் குறிப்பை 2019இல் வெளியிட்ட பின்னர் லினக்ஸ் கருவும் அதைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. ஆயினும் எக்ஸ்ஃபேட்டில் உரிமையாளர் கிடையாது. சிம்பாலிக் லிங்க்கும் கிடையாது. அக்காள் கணவரின் வட்டு எக்ஸ்ஃபேட்.

இனி விளையாட்டுகளின் பக்கம் வருவோம். யூனிக்ஸ் மரபில் விளையாட்டுக்கென்றே 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'கேம்ஸ்' என்றோர் அடைவு உண்டு. லினக்ஸின் அடைவு ஒழுங்கை வகுத்த ஆவணங்களும் அதைக் கைவிடவில்லை. டெபியனில் இன்றும் இருக்கிறது. (அலுவல் கணினியில் விளையாட்டுக்கு அதிகாரபூர்வமான அறை ஒதுக்கிய அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது.) 1993 டிசம்பரில் வெளியான 'டூம்' மறு ஆண்டே லினக்ஸுக்கு வந்துவிட்டது. 1998இல் தொடங்கிய லோக்கி நிறுவனம் வணிக விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றது, 2002இல் மூடப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக் காலம் பெரிய விளையாட்டுகளின் அரவம் அதிகமில்லை.

நம் பக்கம் அந்தப் பத்தாண்டு வேறு வகையில் சுறுசுறுப்பானது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடினர். சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் உருவாயிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது என் அனுபவம். காரணம் கேட்டால் பலரும் சொன்னது ஒன்றுதான்: "அதுல கேம் ஓடாது சார்." காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினரைப் போன்றோர் ஞாயிறுதோறும் கூடி, தமிழில் பாடம் நடத்தித்தான் அச்சுவரைச் சிறிது சிறிதாக உடைக்க வேண்டியிருந்தது.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம், 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கு முறையாக வந்தது. 2018 ஆகஸ்டில் அந்நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டான்' நிலைமையைத் தலைகீழாக்கிற்று. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் அடுக்கு அது. 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் கட்டப்பட்டது. விளையாட்டு 'சி டிரைவ் எங்கே?' என்று கேட்கும். யூனிக்ஸ் மரத்தில் எழுத்திட்ட டிரைவ் ஏது? ஆகவே வைன், ஓர் அடைவுக்குள் 'சி:' என்ற பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் வைத்து, விளையாட்டை நம்ப வைக்கிறது. இப்போது முடிச்சு அவிழும். எக்ஸ்ஃபேட் வட்டில் அந்தச் சுட்டியை உருவாக்கவே இயலாது. என்டிஎஃப்எஸ் வட்டிலோ பெயரிலுள்ள முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. லினக்ஸ் எழுதிவிட்டாலும் பின்னர் விண்டோஸ் அதைப் பிழையென்று கருதக்கூடும். 150 ஜிபி பத்திரமாக இறங்கியும், சில பைட்டு அளவுள்ள சுட்டி ஒன்றை வைக்க இடமில்லாமல் விளையாட்டு படுத்துவிட்டது.

வால்வ் இதை நன்கறிந்தது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த அதன் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக், லினக்ஸில் இயங்குவது. வெளிவந்தபோது அதன் தொடக்க வகையில் உள் இடம் 64 ஜிபி மட்டுமே இருந்தது. மெமரி கார்டைச் செருகினால் அது முதலில் 'எக்ஸ்ட்4' முறைமைக்கு மாற்றியமைத்துக்கொள்கிறது. எக்ஸ்ட்4 லினக்ஸின் சொந்த முறைமை, 2008 முதல் நிலைபெற்றது. உரிமையாளர், அனுமதி, சுட்டி எல்லாம் அதில் உண்டு. ஆக நண்பன் சொன்ன அறிவுரை பிழையன்று. முழு வட்டையும் அழிக்கச் சொன்னதுதான் பிழை.

அக்காள் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது? கணினி பேசினால் கேட்கமாட்டார். தறியைப் பேசினேன். அவர் தாத்தா காலத்தில் அடை கட்டி நெய்தபோது, சேலையின் வடிவம் தறியில் கட்டிய நூல்களிலேயே இருந்தது. ஜக்கார்டு பெட்டி வந்தபின் வடிவம் துளையிட்ட அட்டைகளுக்கு மாறியது; ஒரு தறியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்து காட்டிய அந்த அட்டைக் கோவையைக் கணினி வட்டுக்கு ஒரு வகையில் பாட்டன் எனலாம். "ஆனா பெட்டிக்கு ஏத்த அட்டையா இருக்கணும். நம்ம பெட்டியோட ஊசிக் கணக்குக்கு அடிச்ச அட்டை வேற பெட்டியில ஏறாது" என்றார் அவரே. "அதேதான் மாமா. உங்க அட்டைக்கு ஒரு பெட்டி, அவன் அட்டைக்கு ஒரு பெட்டி. வட்டு ஒண்ணுதான்" என்றேன். பேச்சு அவ்வளவில் முடிந்தது.

வேலை முடியவில்லை. எக்ஸ்ஃபேட் பகுதியைச் சுருக்குவதற்கு வழக்கமான கருவிகள் உதவுவதில்லை. டிசைன்கள் மொத்தம் அறுபது ஜிபி அளவே இருந்தன. முதலில் அவற்றை என் மடிக்கணினிக்கும், வாலாஜாபாத்தில் வாங்கி வந்த பென் டிரைவுக்கும் நகலெடுத்தேன். பத்துப் பதினைந்து கோப்புகளை அவரையே திறந்து பார்க்கச் சொல்லி, அவர் தலையசைத்த பிறகே வட்டைத் தொட்டேன். பாதி எக்ஸ்ஃபேட், பாதி எக்ஸ்ட்4 என்று பிரித்து, டிசைன்களைத் திருப்பி வைத்தேன்.

எக்ஸ்ட்4 பகுதியை மருமகனே அமைக்கட்டும் என்று விட்டேன். இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தான். புதிய பகுதிக்கு உரிமையாளர் 'ரூட்' என்றிருந்ததால் ஸ்டீம் எழுத மறுத்தது. உரிமையைத் தன் பெயருக்கு மாற்றினான். கணினி தொடங்கும்போதே வட்டு ஒட்டிக்கொள்ள 'எஃப்எஸ்டேப்' கோப்பில் ஒரு வரி எழுதி, அதில் 'யூசர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தான். அச்சொல் இருந்தால் அவ்வட்டிலுள்ள எந்த நிரலும் இயங்காது. வேற்று வட்டைச் செருகி ஒருவன் கள்ள நிரலை ஓட்டிவிடலாகாது என்ற பழைய எச்சரிக்கை அது. பலர் பகிர்ந்த கணினிகளின் காலத்துக் காவல். பின்னால் 'எக்ஸெக்' என்று சேர்த்த பிறகே வழிவிட்டது. வட்டு செருகாதபோதும் கணினி தடையின்றித் தொடங்க 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்தோம்.

மறுபடி இறக்க வேண்டியிருந்தது. அவன் செருகியிருந்த துளை யூஎஸ்பி 2.0, 2000ஆம் ஆண்டுச் சரக்கு. நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் கிடைத்தால் அதிகம். 150 ஜிபியை ஒருமுறை படிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். "ஏரி எவ்வளவு பெரிசா இருந்தா என்ன, மதகு இவ்வளவுதான்" என்று சொல்லிப் பக்கத்திலிருந்த நீலத் துளைக்கு, அதாவது 3.0க்கு, மாற்றினேன். சுழலும் வட்டு என்பதால் காட்சி மாறும்போது சற்றுக் காக்கத்தான் வேண்டும். காக்கிறான்.

ஊர் திரும்பும் நாளன்று வட்டை அக்காள் கணவரின் விண்டோஸ் கணினியில் செருகிப் பார்த்தோம். டிசைன்கள் அனைத்தும் இருந்தன. கூடவே ஒரு பெட்டி எழுந்தது: இன்னொரு பகுதியைப் பயன்படுத்த அதை ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? எக்ஸ்ட்4ஐ விண்டோஸுக்கு அடையாளம் தெரியாததால் வந்த கேள்வி. மருமகன் முகம் வெளுத்தது. அக்காள் கணவர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு 'கேன்சல்' பொத்தானை அழுத்தினார். பிறகு அட்டைக் கட்டுகளுக்கு ஒட்டும் சீட்டு ஒன்றை எடுத்து, "கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்" என எழுதி வட்டின் மேல் ஒட்டினார்.