வாயிலில் நின்ற தூது

தூது தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. மனித உடலினுள்ளும் அஃது இடையறாது நிகழ்கிறது. அச்சம் தோன்றியவுடன் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பி, அட்ரினலின் என்னும் சுரப்புநீரைக் குருதியில் விடுகிறது. உடனே கல்லீரல், தான் சேமித்துள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி வழங்குகிறது. ஆயினும், அட்ரினலின் கல்லீரல் உயிரணுவின் சவ்வைக் கடந்து உட்புகுவதில்லை. வாயிலிலேயே நின்றுவிட்ட தூதின் செய்தி உள்ளே சென்றது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லாங்லி, நிக்கோட்டின் கோழியின் தசையைச் சுருங்கச் செய்வதை ஆராய்ந்தார். நரம்பு அறுபட்டு நலிந்த பின்னரும் தசை சுருங்கியது. குராரே என்னும் நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆகவே, இவ்விரண்டும் பற்றுதற்குரிய ஏற்புப்பொருள் தசையிலேயே உண்டென அவர் உய்த்துணர்ந்தார். கண்ணுக்குப் புலனாகாத அதனைப் பலர் வெறுங் கருத்தென்றே நெடுங்காலம் எண்ணினர்.

1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எர்ல் சதர்லாந்து கல்லீரல் உயிரணுக்களைச் சிதைத்து ஆராய்ந்தார். சவ்வுத் துணுக்குகளை நீக்கிய தெளிநீரில் அட்ரினலின் பயன் தரவில்லை. அத்துணுக்குகளோடு அட்ரினலினைச் சேர்த்தபோது, வெப்பத்திற்கும் அழியாத சிறுபொருள் ஒன்று தோன்றியது. அதனைத் தெளிநீரில் இட்டதும் நின்றிருந்த வேலை மீண்டும் நடந்தது! சுழல் ஏ.எம்.பி. எனப்படும் அப்பொருளே உள்ளே செல்லும் இரண்டாம் தூதன். இக்கண்டுபிடிப்பு 1971இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது.

வெளித்தூதனையும் உள்தூதனையும் இணைப்பது யாது? குவனோசின் டிரைபாஸ்பேட் இன்றி இவ்விணைப்பு நிகழாது என மார்ட்டின் ராட்பெல் காட்டினார். அதனைப் பற்றிக்கொள்ளும் ஜி-புரதத்தை ஆல்பிரட் கில்மன் குழுவினர் 1980இல் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். இருவரும் 1994இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஏற்பியின் உருவம் மட்டுமே எஞ்சியது. அது சவ்வை ஏழுமுறை ஊடுருவும் புரத இழை என்பது 1986இல் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் குழுவினரின் மரபணு ஆய்வால் வெளிப்பட்டது. அக்குழுவில் பணியாற்றிய பிரையன் கோபில்கா, 2011இல் ஏற்பியும் ஜி-புரதமும் பிணைந்திருக்கும் நிலையையே படமாக்கினார். வெளிப்புறத்தில் தூதுப்பொருள் பொருந்தியதும் ஏற்பி வடிவம் மாறுகிறது. உட்புறத்தே ஜி-புரதம் விழிப்புற்று நொதியைத் தூண்டுகிறது. நொதி இரண்டாம் தூதரைப் பெருமளவில் ஆக்குகிறது. 2012இல் இவ்விருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிட்டியது.

இன்று புழக்கத்திலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவ்வகை ஏற்பிகளின்வழியே செயற்படுகின்றன. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறுவோர் உள்ளிழுக்கும் சால்பியூட்டமாலும் அவற்றுள் ஒன்று. லாங்லி உய்த்துணர்ந்த வாயில், இன்று உயிர் காக்கும் வாயிலாக விளங்குகிறது.