சிலேட்டுப் பாறையும் வெள்ளீயச் சிப்பாயும்

பள்ளிச் சிறுவர் எழுதிப் பழகிய சிலேட்டுக்கும், ஜெர்மானியச் சிறுவர் விளையாடிய வெள்ளீயச் சிப்பாய்க்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டுமே தட்டையானவை. இது தற்செயலன்று.

நீரடியில் படிந்த களிமண் காலப்போக்கில் களிப்பாறையாக இறுகுகிறது. மலைகள் உருவாகும்போது ஏற்படும் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் அது சிலேட்டாக மாறுகிறது. அப்போது அதிலுள்ள நுண்ணிய அபிரகச் செதில்கள், அணிவகுத்த படையைப்போல் ஒரே போக்கில் அமைகின்றன. ஆகவேதான் சிலேட்டு மெல்லிய பலகைகளாகப் பிளக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க் நகரக் கைவினைஞர்கள் இத்தகைய இரு பலகைகளை எடுத்து, ஒன்றில் வீரனின் ஒரு பக்கத்தையும் மற்றதில் மறுபக்கத்தையும் ஆழமின்றிச் செதுக்கினர். துகள்கள் மிக நுண்ணியவையாதலால் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக விழுந்தது. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும். அவ்வெப்பத்தைக் கல் எளிதில் தாங்கும். பலகைகளைச் சேர்த்துப் பிடித்து உலோகத்தை ஊற்றினால் தட்டையான வீரன் ஆயத்தம்! ஓர் அச்சிலிருந்து ஒரு படையே எழும். 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன், 1848இல் வீரனின் உயரத்தை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் என வகுத்தார்.

பொம்மைகளில் விலை மலிந்த காரீயமும் கலந்தது. குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பவர்கள். காரீயமோ மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பிரிட்டனில் காரீய வீரர்களின் உற்பத்தி 1966இல் நின்றது.

வீரன் வளைந்தால் உருக்கி மீண்டும் வார்க்கலாம். கல் பிளந்தாலோ, செதுக்கியவனின் உழைப்பு முழுதும் போயிற்று. போரில் உண்மையான இழப்பு அந்த அச்சுக்கே.